ஒரே மேசையில் மூன்று சம்பளம்

2016-ஆம் ஆண்டில் தொடங்கி, பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓஎம்ஆர்), ஓர் அமெரிக்க நிதி நிறுவனத்தின் சென்னை மையத்தில், ஆறு பேர் உட்காரும் நீள மேசை ஒன்றில் ஏறத்தாழ 14 மாதங்கள் வேலை செய்தேன். ஆறு பேருக்கும் வேலை ஒன்றுதான். முந்தைய நாள் நடந்த பணப் பரிமாற்றங்களை இரண்டு வெவ்வேறு அமைப்புகளின் கணக்குகளோடு ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைப் பிரித்தெடுக்கும் ஜாவா நிரல்களை எழுதுவது, அவை நள்ளிரவில் படுத்துக்கொண்டால் எழுந்து சரிசெய்வது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பார். நிரலைப் படித்தாலே அதை எழுதியவர் யார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்; ஆனால் அவர் கழுத்தில் எந்த நிற நாடா தொங்குகிறது என்பதை அந்த நிரலிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அடையாள அட்டையின் நாடா நீலமாக இருந்தால் அந்த நிறுவனத்தின் சொந்த ஊழியர், பச்சையாக இருந்தால் என்னைப் போல, பிற நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்துதரும் ஒரு சர்வீஸ் கம்பெனியிலிருந்து அனுப்பப்பட்டவர், ஆரஞ்சாக இருந்தால் ஆள் வழங்கும் ஏஜென்சி வழியாக ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்தவர்.

எட்டு ஆண்டு அனுபவத்துக்கு எனக்கு ஆண்டுக்கு 9.5 லட்சம் ரூபாய். எனக்கு இடப்பக்கம் இருந்த நீல நாடாக்காரர் என்னைவிட ஓராண்டு இளையவர். அவருக்கு 19 லட்சம். எதிரில் இருந்த ஆரஞ்சு நாடாக்காரருக்கு மாதம் ஒரு லட்சம் கைக்கு வந்தது, ஆனால் காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி கிடையாது. வீட்டுக் கடன் முகவர் ஒருவர் எங்கள் மூவரிடமும் ஒரே நாளில் பே ஸ்லிப் கேட்டு, எல்லோருடைய தகுதித் தொகையையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வந்தபோதுதான் இந்த எண்கள் வெளிப்பட்டன. அன்று மாலை தேநீர்க் கடையில் மூவரும் வழக்கத்தைவிடக் குறைவாகவே பேசினோம்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய உலகத்தில் சம்பளம் ஆளுக்கு அல்ல, பதவிக்கு ஒட்டியிருப்பது. தூத்துக்குடியில் இருந்தாலும் ஈரோட்டில் இருந்தாலும் ஒரே பதவிக்கும் ஒரே பணிக்காலத்துக்கும் ஒரே அடிப்படை ஊதியம், அதன்மேல் ஒரே அகவிலைப்படி. “ஒரே வேலைக்கு எப்படிப்பா மூணு சம்பளம்?” என்று அவர் கேட்டதற்கு, “திறமையைப் பொறுத்து, அப்பா” என்று ஏதோ சொல்லி வைத்தேன். அது பொய் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். அவருடைய கேள்விக்கு நேர்மையான பதிலைத் தேடியதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பச்சை நாடாவின் கணக்கு. வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய மாதாந்திர விலைப்பட்டியல் ஒன்று ஒருமுறை தவறுதலாக என் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டது. அதில் என் பெயருக்கு நேரே மணிக்கு 22 டாலர் என்று இருந்தது. மாதத்துக்கு 160 மணி நேரம், அன்றைய மதிப்பில் டாலருக்கு 67 ரூபாய் என்று வைத்துப் பெருக்கினால் ஆண்டுக்கு 28 லட்சத்துக்குச் சற்று மேலே வரும். எனக்குக் கொடுக்கப்படுவது 9.5 லட்சம். மீதி எங்கே போனது என்று அன்று கொதித்தேன். பிறகு நிதானமாகப் பார்த்தபோது அது ஒரே பையில் போகவில்லை என்று புரிந்தது. பெரிய சர்வீஸ் கம்பெனிகளின் இலாப விகிதம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதுபோக, பிராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் சம்பளம், அமெரிக்காவில் வாடிக்கையாளருக்கு அருகிலேயே இருக்கும் ஆன்சைட் ஒருங்கிணைப்பாளரின் செலவின் ஒரு பகுதி, ஒப்பந்தத்தைப் பிடித்துவந்த விற்பனைக் குழு, எனக்கு மேலே நான்கு அடுக்கு மேலாளர்கள், கட்டடம், பேருந்து, புதியவர்களுக்கான பயிற்சி என்று எல்லாமே அந்த 22 டாலருக்குள்தான் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கில் எனக்கு உறைத்தது வேறொன்று. அந்த 22 டாலர் நான் சேர்வதற்கு முன்பே மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுவிட்டது. நான் எழுதிய நிரல் அந்த நிதி நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய் இழப்பைத் தவிர்த்தாலும், நான் ஒரு வாரம் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாலும், அந்த மாதம் என் கம்பெனிக்குக் கிடைப்பது 160 மணி நேரத்துக்கான தொகைதான். அங்கே விற்கப்படுவது மென்பொருள் அல்ல, என் நேரம். விற்கப்படும் பொருளின் விலை ஏறாதபோது அதன் அடக்கவிலை ஏறினால் இலாபம் குறையும். அந்தக் கம்பெனியின் ஏட்டில் என் சம்பளம்தான் அடக்கவிலை. ஆகவே எனக்குச் சம்பள உயர்வு தருவதற்கு அங்கே இருந்த ஒரே வழி, எனக்குக் கீழே இன்னும் மலிவான இரண்டு பேரைச் சேர்த்துச் சராசரியைக் குறைப்பது. சர்வீஸ் கம்பெனிகளில் ‘பிரமிட்’ என்று சொல்வது இதைத்தான். அனுபவம் ஏற ஏற ஒருவரை நிரல் எழுதுவதிலிருந்து விலக்கி, ஆட்களை மேய்க்கும் வேலைக்குத் தள்ளுவதும் இந்தப் பிரமிடின் தேவையே அன்றி, அவருடைய வளர்ச்சியைப் பற்றிய அக்கறை அல்ல.

ஃபிரெஷர் சம்பளம் ஏறாமல் உறைந்து கிடப்பதற்கும் இந்தப் பிரமிட்தான் காரணம். 2008-இல் நான் கேம்பஸ் தேர்வில் வாங்கிய ஆஃபர் லெட்டரில் 3 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான தொகை இருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் பெரிய சர்வீஸ் கம்பெனிகளின் அடிப்படை ஃபிரெஷர் ஆஃபர் மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. இடையில் விலைவாசி இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. கல்லூரிகள் பெருகிவிட்டன, ஆட்கள் மலிந்துவிட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகள் மட்டுமே நானூறுக்கு மேல் இருக்கும் மாநிலத்தில் அந்த விளக்கம் பொய்யல்ல, ஆனால் போதாது. நான் சேர்ந்த ஆண்டில் டாலர் 40-க்கும் 50-க்கும் இடையே ஊசலாடியது. 2024-இல் அது 83-ஐத் தாண்டிவிட்டது. டாலரில் வாங்கி ரூபாயில் சம்பளம் கொடுக்கும் ஒரு தொழிலுக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்பதை யோசித்துப் பாருங்கள். அந்தக் கொடையில் பெரும்பகுதி வாடிக்கையாளருக்குத் தள்ளுபடியாகவும், வெளியேறிவிடக்கூடிய நடு அனுபவக்காரர்களுக்குச் சம்பளமாகவும், பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையாகவும் போய்ச் சேர்ந்தது என்பதே என் கணிப்பு. ஃபிரெஷருக்குப் போகவில்லை, ஏனென்றால் அவரால் வேறெங்கும் போக முடியாது. முதல் ஆண்டில் அவரை இழுக்க யாரும் வருவதில்லை.

இந்த ‘இழுப்பது’ என்ற சொல்லுக்குச் சற்று நேரத்தில் திரும்பி வருகிறேன். அதற்கு முன்பு, பெரும்பாலோர் நம்பும் இன்னொரு விளக்கத்தைப் பார்த்துவிடலாம்: பணக்காரக் கம்பெனி அதிகம் கொடுக்கும், அவ்வளவுதான் என்பது.

இதற்கு ஆதாரமாக ஒரு ஆளுக்கான வருமானத்தைக் காட்டுவார்கள். 2023-24 நிதியாண்டில் டிசிஎஸ்-இன் வருமானம் ஏறத்தாழ 2.4 லட்சம் கோடி ரூபாய், ஊழியர்கள் ஏறத்தாழ 6 லட்சம் பேர். ஆளுக்கு 40 லட்சம். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டுக்கு 2023-இல் 30,700 கோடி டாலர் வருமானம், 1.82 லட்சம் ஊழியர்கள். ஆளுக்கு ஏறத்தாழ 14 கோடி ரூபாய். முப்பத்தைந்து மடங்கு வித்தியாசம். இதைப் பார்த்தவுடன் விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் இதே கணக்கை இந்தியன் ஆயிலுக்குப் போட்டுப் பாருங்கள். 2023-24-இல் அதன் வருமானம் 8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல், ஊழியர்கள் 30 ஆயிரத்துச் சொச்சம். ஆளுக்கு 25 கோடிக்கும் அதிகம், அதாவது கூகுளை மிஞ்சிய எண். அதற்காக மணலியில் இருக்கும் பொறியாளருக்கு கலிஃபோர்னியாச் சம்பளம் வருவதில்லை. இந்தியன் ஆயிலின் வருமானத்தில் பெரும்பகுதி கச்சா எண்ணெய்க்கே போய்விடுகிறது. கூகுளுக்கு அப்படி வாங்கிக் கொட்ட வேண்டிய மூலப்பொருள் குறைவு. தேடல் பக்கத்தில் இன்னொரு விளம்பரத்தைக் காட்டுவதற்கு ஆகும் கூடுதல் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆகவே உள்ளே வரும் பணத்தில் பெரும்பகுதி உள்ளேயே தங்குகிறது, அதைப் பெருக்கக்கூடியவர்கள் எனக் கருதப்படுகிற ஆட்களைச் சுற்றி வட்டமிடுகிறது. விளம்பர ஏலத்தை அரை சதவீதம் மேம்படுத்தும் ஒரு சிறு குழு அங்கே எத்தனை கோடிகளை ஈட்டித் தரும் என்பதைக் கணக்கிடச் சிரமம் இல்லை. நான் எழுதிய ஒப்பீட்டு நிரலை அரை சதவீதம் மேம்படுத்தியிருந்தால் என் கம்பெனிக்கு ஒரு ரூபாயும் கூடியிருக்காது.

ஆனாலும், கொடுக்க முடிவது வேறு, கொடுப்பது வேறு. எந்த முதலாளியும் பணம் நிறைய இருக்கிறது என்பதற்காகக் கொடுப்பதில்லை. கையில் பணம் குவிந்திருந்தும் கொடுக்காமல் இருக்க அந்தக் கம்பெனிகள் என்ன செய்தன என்பதற்கு நீதிமன்ற ஆவணங்களே இருக்கின்றன. ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி உள்ளிட்ட நிறுவனங்கள் 2000-களின் பிற்பாதியில், ஒருவர் ஊழியரை மற்றவர் தாமாக அழைத்து வேலை தருவதில்லை என்று தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தன. அமெரிக்க அரசின் நீதித்துறை 2010-இல் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பிறகு ஏறத்தாழ 64 ஆயிரம் ஊழியர்கள் சார்பில் நடந்த வழக்கில், 32.45 கோடி டாலருக்கு முடித்துக்கொள்ள அந்த நான்கு நிறுவனங்களும் முன்வந்தபோது, அது போதாது என்று நீதிபதி லூசி கோ 2014-இல் மறுத்துவிட்டார். கடைசியில் 2015-இல் 41.5 கோடி டாலருக்கு வழக்கு முடிந்தது. உலகிலேயே அதிகம் சம்பளம் தரும் கம்பெனிகள்தாம் சம்பளம் ஏறாமல் இருக்க இவ்வளவு மெனக்கெட்டன.

அந்த வழக்கின் விவரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபேஸ்புக்கின் கதை. 2008-இல் அப்படியொரு ஏற்பாட்டுக்கு கூகுள் அழைத்தபோது ஃபேஸ்புக் மறுத்துவிட்டது; கூகுளின் பொறியாளர்களைத் தொடர்ந்து இழுத்தது. 2010 நவம்பரில் கூகுள் தன் ஊழியர்கள் அனைவருக்கும் பத்து சதவீதச் சம்பள உயர்வும் ஆயிரம் டாலர் ரொக்கமும் அறிவித்தது. அந்த மாதத்தில் கூகுள் பொறியாளர்களின் திறமை திடீரென்று பத்து சதவீதம் கூடிவிடவில்லை. எதிர்வீட்டில் ஒருவன் கதவைத் திறந்து வைத்தான், அவ்வளவுதான்.

அதே கதவுதான் எங்கள் மேசையில் மூடியிருந்தது. என் வேலையில் நிறைவு கொண்ட அந்த நிதி நிறுவனத்தின் மேலாளர் ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, நேரடியாக எடுத்துக்கொள்ள அவருக்கு விருப்பம்தான், ஆனால் முடியாது என்றார். சர்வீஸ் கம்பெனியோடு அவர்கள் போட்டிருந்த ஒப்பந்தத்தில், அனுப்பப்படும் ஆட்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு வேலைக்கு எடுக்கக் கூடாது என்ற பிரிவு இருந்தது. ஆக, என் மதிப்பை உலகத்திலேயே நன்றாக அறிந்திருந்த ஒரே முதலாளிக்கு என்னை வாங்கும் உரிமை மட்டும் இல்லை. என் அருமை தெரியாத வேறொரு அமெரிக்கக் கம்பெனியின் சென்னை மையத்தில் நேர்காணல் கொடுத்து, 2017-இல் 17 லட்சத்துக்குச் சேர்ந்தேன். அதாவது வேலை மாறவில்லை, ஊர் மாறவில்லை, நாடாவின் நிறம் மட்டும் மாறியது.

நீல நாடாவின் கணக்கு எப்படி வேறுபட்டது என்பதை உள்ளே போன பிறகுதான் புரிந்துகொண்டேன். இப்படிப்பட்ட மையங்களை இன்று ஜிசிசி (குளோபல் கேபபிலிட்டி சென்டர்) என்கிறார்கள். 2024-இல் மென்பொருள் துறையின் கூட்டமைப்பான நாஸ்காம் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் அவை 1,700-க்கும் மேல், அவற்றில் வேலை செய்பவர்கள் ஏறத்தாழ 19 லட்சம் பேர். இவற்றுக்கு வெளியே வாடிக்கையாளர் கிடையாது. தாய்க் கம்பெனிக்கு வேலை செய்து, ஆன செலவுக்கு மேல் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைச் சேர்த்து அதனிடமே வாங்கிக்கொள்ளும் முறையில்தான் இவற்றில் பலவும் கணக்கு எழுதுகின்றன. அந்தக் கூடுதல் சதவீதம் இந்திய வருமான வரித்துறைக்காக இருப்பது. மென்பொருள் பணிகளுக்குப் பல ஆண்டுகளாக இருந்த பாதுகாப்பு வரம்பு (சேஃப் ஹார்பர்) விதிகள், அதாவது இவ்வளவு இலாபம் காட்டினால் வரித்துறை கேள்வி கேட்காமல் ஏற்கும் என்ற விதிகள், அதை 17, 18 சதவீதம் என்று வைத்திருந்தன. இதன் விசித்திரம் என்னவென்றால், என் சம்பளம் ஏறினால் சென்னை மையத்தின் இலாபம் ஏட்டில் குறையாது, ஏறும். சர்வீஸ் கம்பெனியில் என் சம்பள உயர்வு நேராக இலாபத்தைக் கடித்தது; இங்கே அது நியூ ஜெர்சியில் யாரோ ஒருவருடைய வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி. அந்த ஒருவர் என் 17 லட்சத்தை என் பழைய 9.5 லட்சத்தோடு ஒப்பிடுவதில்லை. தன் பக்கத்து அறையில் ஒரு லட்சத்துக்கு மேல் டாலர் வாங்கும் பொறியாளரோடு ஒப்பிடுகிறார். அவர் கண்ணுக்கு நான் ஏறத்தாழ 26 ஆயிரம் டாலர்.

அப்படியானால் ஏன் 17-இல் நிறுத்த வேண்டும், 40 கொடுத்தாலும் அவருக்கு மலிவுதானே என்று நியாயமாகக் கேட்கலாம். இந்தக் கேள்விக்கான விடையை நான் ஒரு கூட்ட அறையில் நேரடியாகப் பார்த்தேன். 2019-இல் இருந்து நேர்காணல் குழுவில் இருந்ததால், ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சம்பள வரம்புக் கூட்டத்தில் என்னையும் உட்காரவைத்தார்கள். மெர்சர், ஏயான் போன்ற நிறுவனங்கள் சம்பளத் தரவுகளைத் திரட்டி விற்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கம்பெனிகள் தங்கள் சம்பள விவரங்களைப் பெயர் இல்லாமல் கொடுத்து, மற்றவர்கள் என்ன தருகிறார்கள் என்ற அட்டவணையை வாங்கிக்கொள்ளும். ‘நாங்கள் சந்தையின் 75-ஆம் சதமானத்தில் கொடுக்கிறோம்’, அதாவது நூற்றில் 75 பேரைவிட அதிகம் கொடுக்கிறோம் என்று எங்கள் ஹெச்ஆர் துறை பெருமையாகச் சொல்வது அந்த அட்டவணையை வைத்துத்தான். அந்தக் கூட்டத்தில் எல்லோரும் விவாதித்தது 65-ஆம் சதமானமா 75-ஆம் சதமானமா என்பதைப் பற்றி. எந்தச் சந்தை என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பட்டியலில் பத்துப் பன்னிரண்டு வங்கிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் இருந்தன. அதே சாலையில் இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்த, எங்கள் ஆட்களை மாதம் ஒருவராக இழுத்துக்கொண்டிருந்த, சொந்த மென்பொருளைத் தயாரித்து விற்கும் ப்ராடக்ட் கம்பெனிகளில் ஒன்றுகூட அதில் இல்லை. நான் கேட்டதற்கு, “சார், அவங்க நம்ம பியர் இல்ல” என்று பதில் வந்தது.

ஒரு கம்பெனியின் சம்பளத்தைத் தீர்மானிப்பதில் ‘பியர்’ (தனக்கு நிகர் என்று நினைக்கும் கம்பெனி) என்ற அந்த ஒரு சொல்லுக்கு இருக்கும் பங்கு கொஞ்சமல்ல. தன்னை வங்கி என்று நினைத்துக்கொள்ளும் கம்பெனி மற்ற வங்கிகளைப் பார்த்துச் சம்பளம் கொடுக்கும். தன்னை மென்பொருள் கம்பெனி என்று நினைத்துக்கொள்ளும் வங்கி, இரண்டும் ஒரே நிரலைத்தான் எழுதுகின்றன என்றாலும், வேறு பட்டியலைப் பார்த்துக் கொடுக்கும். அப்பா வேலை செய்த வாரியத்தில் ஊதியக் குழு செய்த வேலையை இங்கே ஓர் அட்டவணை செய்கிறது. என்ன, ஊதியக் குழுவின் அறிக்கை அச்சில் வரும், சங்கம் எதிர்த்துப் பேசும்.

இந்த அட்டவணைகள் ஒருமுறைதான் கண்ணெதிரே கிழிந்ததைப் பார்த்தேன். 2021-இலும் 2022-இன் முற்பாதியிலும், அமெரிக்காவில் வட்டி அதுவரை ஏறத்தாழ பூச்சியத்தில் இருந்ததால், முதலீட்டாளர்களின் பணம் ஸ்டார்ட்-அப்களில் கொட்டியது. வீட்டிலிருந்தே வேலை என்பதால் பெங்களூரின் சம்பளம் திருச்சியில் உட்கார்ந்திருப்பவருக்கும் எட்டியது. 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸில் மட்டும் ஓராண்டுக் கணக்கில் வெளியேறியோர் விகிதம் 28.4 சதவீதம். ஆட்களைப் பிடித்து வைப்பதற்காகப் போடப்பட்ட 90 நாள் நோட்டீஸ் பீரியட் அப்போது தலைகீழாக வேலை செய்தது: ஓர் ஆஃபரை வாங்கி ராஜினாமா கொடுத்தவர், மிச்சமுள்ள மூன்று மாதமும் அந்த ஆஃபரைக் காட்டி அடுத்ததைத் தேடினார். சேர வேண்டிய நாளில் கைபேசியை அணைத்துவிட்டவர்கள் எங்கள் குழுவில் மட்டும் நான்கு பேர். அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் வட்டியை ஏற்றத் தொடங்கி அடுத்த ஆண்டு ஜூலையில் 5.25 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனபோது இந்தத் திருவிழா முடிந்தது. ஓஎம்ஆர் டீக்கடையில் ஹைக் (சம்பள உயர்வு) பற்றிய பேச்சு, வாஷிங்டனில் எடுத்த முடிவால் அடங்கிப்போனது.

சென்னையின் ப்ராடக்ட் கம்பெனிகளைப் பற்றி ஒரு சொல். அவையும் ஒரே மாதிரி கொடுப்பதில்லை, ஏனென்றால் அவற்றின் சொந்தக்காரர்கள் ஒரே மாதிரி இல்லை. 1996-இல் தொடங்கி, வெளி முதலீடே வாங்காமல் வளர்ந்த ஜோஹோ, 2000-களின் நடுப்பகுதி முதல் தன் பள்ளியில் இளைஞர்களுக்கு உதவித்தொகை கொடுத்துக் கற்றுத்தந்து வேலைக்கு எடுக்கிறது. தென்காசி அருகே அலுவலகம் வைத்திருக்கிறது. பங்குச் சந்தைக்குப் போகும் எண்ணமில்லாத கம்பெனி சம்பளத்தில் ஒரு பகுதியைப் பங்காகக் கொடுத்தாலும் அதை எளிதில் பணமாக்க முடியாது என்பதால், அதைக் காட்டி ஆள் பிடிப்பது கடினம். ஆகவே ஆளைச் சந்தையில் வாங்குவதற்குப் பதில், சந்தைக்கு வருவதற்கு முன்பே வளர்த்துக்கொள்கிறது. ஜோஹோவிலிருந்து வெளியேறிய கிரீஷ் மாத்ருபூதம் 2010-இல் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் நேர்மாறான வழியில் போனது. 2021 செப்டம்பரில் பங்குக்கு 36 டாலர் விலையில் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்ட அன்று, ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டவர்கள் கோடீஸ்வரர்கள் ஆனதாக அவர் சொன்னார். அடுத்த ஆண்டு முடிவதற்குள் அந்தப் பங்கு வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. முன்பே சேர்ந்தவருக்கும் பட்டியலிட்ட பிறகு சேர்ந்தவருக்கும் ஒரே கம்பெனியில் இருவேறு ஜாதகம். சிடிசி (ஓர் ஊழியருக்காகக் கம்பெனிக்கு ஆண்டுக்கு ஆகும் மொத்தச் செலவு) என்ற ஒற்றை எண்ணை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடுவது எவ்வளவு அபத்தம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அந்த எண்ணுக்குள் முதலாளியின் பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டியும், வருமா வராதா என்று தெரியாத வேரியபிள் தொகையும் ஒன்றாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கும்.

இவ்வளவையும் ஒருநாள் அப்பாவிடம் உட்கார்ந்து விளக்கினேன். நேரத்தை விற்கும் கம்பெனி, செலவாகக் கணக்கு எழுதும் மையம், இழுக்க ஆள் இருப்பது, பட்டியல் என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எங்கள் காலத்தில் இப்படி இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் கழித்து, வாரியத்திலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள் என்றார். புயல் அடித்தால் நிரந்தர ஊழியரும் ஒப்பந்தக்காரரும் ஒரே கம்பத்தில்தான் ஏறுவார்களாம். “கையெழுத்துப் போடுற நோட்டு மட்டும் வேற. அவங்களுக்குச் சம்பளப் பட்டியல்ல பேரே வராது, சாமான் வாங்கின கணக்கு மாதிரி வரும்” என்றார். முப்பது ஆண்டுகள் அந்தக் கணக்கை எழுதியவர் அவர். என் விலைப்பட்டியலில் மணிக்கு 22 டாலர் என்று பார்த்தபோது எனக்குத் தோன்றியதை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

கடைசியாக, நானே கையெழுத்துப் போட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2021-இல் ஒரே வாரத்தில் இரண்டு பேரை நேர்காணல் செய்தோம். நால்வர் கொண்ட குழுவில் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்; உண்மையைச் சொன்னால், விருதுநகர் பக்கத்துக் கல்லூரியில் படித்துவிட்டு ஒரு சர்வீஸ் கம்பெனியிலிருந்து வந்த இளைஞர் கொஞ்சம் மேல். ஹெச்ஆர் துறை வழக்கம்போல இருவரிடமும் கடைசி மூன்று மாத பே ஸ்லிப்பை வாங்கியது. அந்த விருதுநகர் இளைஞர் வாங்கிக்கொண்டிருந்தது 8 லட்சம். மற்றவர் ஒரு ஸ்டார்ட்-அப்பில் வாங்கிக்கொண்டிருந்தது 18 லட்சம். பழைய சம்பளத்துக்கு மேல் 30 முதல் 40 சதவீதம் என்பது கணக்கு. ஒருவருக்கு 11 லட்சம், மற்றவருக்கு 24 லட்சம். ஒரே பதவி, ஒரே குழு, ஒரே மேசை. பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது என்று கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. இங்கே அது இல்லை என்பதால் எங்கள் படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது. முதல் கம்பெனி, முதல் ஆஃபர், அப்போது கிடைத்த மூன்றரை லட்சம் ஆகியவை எல்லாம் அந்த ஒரு கட்டத்தின் வழியாக அவரைப் பின்தொடர்ந்து வந்துவிட்டன. எனக்கு நேர்ந்ததுதான் அது. தெரிந்தேதான் நான் ஒப்பமிட்டேன். 11 லட்சத்துக்கு அவர் மகிழ்ச்சியோடு நன்றி சொன்னார்.

பதினாறு மாதங்களில் அவருக்கு உண்மை தெரிந்தது, வீட்டுக் கடன் முகவர் வழியாக அல்ல, பக்கத்து நாற்காலிக்காரர் வழியாகவே. என்னிடம் வந்து அமைதியாகக் கேட்டார். அவருக்காக மேலே பேசினேன். ஆண்டு உயர்வுக்கென ஒதுக்கிய தொகை குழுவுக்குச் சராசரியாக ஒன்பது சதவீதம், விதிவிலக்காகக் கேட்டால் பதினைந்துவரை போகலாம், அதற்கு மேல் இந்த ஆண்டு வழியில்லை என்றார்கள். 12.65 லட்சம். அவர் வேறொரு கம்பெனியின் ஆஃபர் லெட்டரோடு ராஜினாமா கொடுத்தார். அவர் இடத்துக்கு ஆள் தேடும் படிவம் அடுத்த வாரம் என் மேசைக்கு வந்தது. புதிய ஆள் எடுக்கும் பணம் வேறு தலைப்பில் இருப்பதால் உயர்வுக்கான வரம்பு அதற்குப் பொருந்தாது. சந்தை நிலவரத்தைக் கருதி 26 லட்சம்வரை கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது.